தண்ணீருக்கு முன் வந்த மெசேஜ்

அந்த மாரி மழைக்காலத்தை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்குள் நடந்ததுபோல எனக்குத் தோன்றும். சத்தங்கள் தூரத்தில் கேட்கும். ஆட்கள் மெதுவாக அசைவார்கள். மாடுகள் நிலத்தில் கால் படாமல் வருவதுபோல வரும். நான் அப்படிச் சொக்கிப்போகிற ஆள் இல்லை. என்னைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் வாய் பொல்லாதவள் என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்தான். ஆனால் அந்த மாரி மட்டும் எனக்குள் அப்படித்தான் கிடக்கிறது. நான் என்ன செய்ய?

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. கிளிநொச்சியில் கண்டி வீதியோரம், ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே நாள் முழுக்கக் கம்பி வெட்டுகிற சத்தம். மேலே ஒரு கைப்பிடி ஆட்கள் ஆளுக்கொரு கணினியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். மத்தியானம் சாப்பிட்டபின் கூரை சூடேறி எல்லோருக்கும் கண் சொருகும். திரையில் எழுத்துகள் குளத்தில் விழுந்த இலைபோல மிதக்கும். அந்த நேரத்தில்தான் நான் அதிகம் பிழை கண்டுபிடித்திருக்கிறேன். ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் சொன்னால், "ஓ, பட்டன் அமத்திப் பாக்கிறதோ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டன் அமத்துவதற்கு நான் தேவையில்லை, ஒரு குரங்கு போதும். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் என்ன செய்தோமோ அதைத்தான் நான் இங்கேயும் செய்கிறேன். முதலில் ஓர் ஊகம். அந்த ஊகம் பிழையென்றால் எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்து முடிந்தபின் நான் முதலே நினைத்தேன் என்று சொல்ல எவருக்கும் இடம் வைக்கக்கூடாது, எனக்கும் கூடாது. ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்து எல்லாம் ஒழுங்காக வந்தாலும் இது நல்ல சாமான் என்று சொல்ல முடியாது. நான் பார்த்த இடத்தில் பிழை வரவில்லை என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கடைசி வசனத்துக்காக நான் வாங்கிய ஏச்சுக் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. குளம் நிரம்பி மிஞ்சுகிற தண்ணீரை வெளியே விடுகிற வான் கதவைத் திறக்கும்போது கீழே இருக்கிற சனத்தின் போனுக்கு முன்கூட்டியே மெசேஜ் அனுப்புகிற ஒரு மென்பொருள். கொழும்பிலிருந்து வந்த வேலை. முதலில் ஒரே ஒரு குளத்தில் செய்து பார்ப்பது, சரிவந்தால் மற்றக் குளங்களுக்கும் கொடுப்பது என்று திட்டம். அந்த ஒரு குளம் ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டோரமாக இருந்தது. பெயர் வேண்டாம். அந்தக் குளத்துக்குக் கீழேதான் என் அக்கா இருக்கிறாள்.

அக்காவுக்கு ஒரு சின்னப் பட்டி மாடு. அத்தான் வவுனியாவில் லொறி ஓடுகிறார், வந்து போகிறவர். மாடுகளைப் பார்ப்பது, பால் கறப்பது, பாலைச் சேகரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள்தான். காலபோகத்தில் ஊர் முழுக்க நெல் நிற்கும், மாட்டை ஊருக்குள் விட முடியாது. வாய்க்காலுக்கு அங்கால் காட்டுக்கரையில் பட்டியடைத்துக் கட்டுவார்கள். வாய்க்கால் என்று நான் சொல்வது வான் தண்ணீர் பாய்ந்து போகிற பெரிய பள்ளத்தை. ஊர் மேட்டில் இருக்கிறது, பட்டி தாழ்வில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஒரு தாழ்ந்த பாலம். வான் நிறையப் பாய்ந்தால் தண்ணீர் அந்தப் பாலத்துக்கு மேலாலேயே போகும்.

அதற்கு முந்திய மாரியில் எவருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்தார்கள். அக்கா போய்ப் பார்த்தபோது பட்டி இல்லை. மிதந்து போனவற்றில் சிலது அடுத்த ஊர் வேலியில் தொங்கின. உயிரோடு மிஞ்சியவை கழுத்துக் கயிறு அறுந்தவை மட்டும்தான். அவள் எனக்குப் போன் எடுத்து அழவில்லை. நல்ல கயிறாய் வாங்கிக் கட்டினேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மிஞ்சியவற்றையும் அவற்றின் கன்றுகளையும் வைத்துத்தான் இப்போது அவளுடைய பட்டி. விற்பதா வைத்திருப்பதா என்று அவளுக்கு ஒரே யோசனை. வாங்குகிற ஆள் பொங்கலுக்கு முன் வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் கொம்பனிக்கு இந்த வேலை வந்ததென்று நான் சொன்னதும் அவள் பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"உங்கட சாமான் வேலை செய்யுமோ? செய்யுமெண்டால் மாட்டை வைச்சிருக்கிறன். இல்லாட்டிக் குடுத்திடுவன்."

சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"பிழை பிடிக்கிறதுதானே உன்ர வேலை. சின்னனில நான் இழுத்த தலைப்பின்னலிலயே பிழை பிடிச்சவள் நீ. அதுக்கு இப்ப சம்பளமும் குடுக்கினம்."

அலுவலகத்துக்குள் செய்யக்கூடிய சோதனை எல்லாம் செய்தேன். பழைய பட்டன் போன்களில் தமிழ் எழுத்து வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. போனில் இடமில்லாதவர்களுக்கு மெசேஜ் போகவே இல்லை. ஒருவருக்கே மூன்று தரம் போனது. மென்பொருளை எழுதியவள் ஜெயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பிள்ளை, கெட்டிக்காரி. நான் ஒவ்வொரு பிழையோடும் அவளுடைய மேசைக்குப் போகும்போது தலையில் கைவைப்பாள். "ஒங்களுக்கு எரக்கமே இல்லியாக்கா" என்பாள். திருத்துவாள். நான் மறுபடியும் உடைப்பேன். இப்படி ஒரு கோடை போனது.

மழை தொடங்க முதல் ஊரில் ஓர் ஒத்திகை வைத்தார்கள். பள்ளிக்கூட வளவில் கூடாரம், கதிரை, தேத்தண்ணி, ரோல்ஸ். கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில். ஊர்ச்சனம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீபம் காட்டப்போகிற நேரம்போலக் காத்துக்கொண்டு நின்றார்கள். பட்டனை அமத்தியதும் வளவு முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் சத்தம் போட்டன. வெயில் மங்கிய நேரம். நூறு சில்வண்டு ஒரு மரத்தில் சேர்ந்து கத்துவதுபோல இருந்தது அந்தச் சத்தம். சனம் கைதட்டியது. போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். ஆனால் கைதட்டுக் கேட்டால் உருகிவிடுவார். "பாத்தீங்களே, எல்லாம் பாஸ்" என்றார்.

"இது பரிசளிப்பு விழா சேர், சோதனையில்லை" என்றேன். மெசேஜ் வரும், வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக் கதிரையும் போட்டு இருத்திவிட்டு, அவர்கள் சொன்னபடி செய்தார்கள் என்று எழுதினால் அது சனத்தின் மரியாதையைச் சோதித்ததாகத்தான் வரும். சொல்லாமல் அனுப்ப வேண்டும். உண்மையாகத் தண்ணீர் வரும்போது அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் தங்கள் வேலையில் நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று தூர நின்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லி அவரோடு ஒரு கிழமை சண்டை பிடித்தேன். கடைசியில், கார்த்திகையில் குளம் நிறைந்ததும் முதலில் கதவைக் கொஞ்சமாகத்தான் உயர்த்துவார்கள், ஆபத்தில்லாத தண்ணீர், அப்போது செய்யலாம் என்று குளத்துப் பொறியியலாளர் ஒத்துக்கொண்டார்.

போவதற்கு முன் என் ஊகத்தை மேலாளருக்கும் அந்தப் பிள்ளைக்கும் அனுப்பினேன், பிறகு நானே மாற்றிச் சொல்லாதபடி. பாதிப்பேருக்கு விஷயமே தெரியவராது என்று எழுதியிருந்தேன். வயலில் நிற்கிறவன் கையில் சேறு, போன் வீட்டில் அலுமாரிக்கு மேல் கிடக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று விடிந்ததே தெரியவில்லை. மழை பெய்கிறதா பனி இறங்குகிறதா என்று பிரிக்க முடியாத ஒரு வெளிச்சம். நான் பாலத்தின் ஊர்ப்பக்கக் கரையில் குடையோடு நின்றேன். அந்தப் பிள்ளை மேலே வான் கதவடியில் நின்றாள். அக்கா வழமைபோல அங்கால் பட்டியில் நின்றாள். அவளுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் ஒத்திகை ஆகிவிடுவாள்.

மெசேஜ் போனது. என் போனிலும் வந்தது: வான் கதவு திறக்கப்படவுள்ளது, தாழ்நிலத்தில் உள்ளவர்கள் அவதானமாக இருக்கவும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேலே கதவு உயர்கிற சத்தம், அதன்பின் வான் பாய்கிற சத்தம். அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முதலில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல, பிறகு அந்த மூச்சு நிற்காமலே போவதுபோல. வெள்ளையாகத் தண்ணீர்ப் புகை எழும்பி மருத மரங்களுக்குள் போனது. நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின.

முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண நான் நிற்கவில்லை. ஒரு சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குடை. உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பெண்கள். தோளில் வீச்சுவலை போட்டவர்கள், மீன் பிடிக்கிற கரப்புக் கூடை தூக்கியவர்கள். எல்லோரும் வந்து நின்ற இடம் அந்தப் பாலம்தான், ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால்தான் வான் முழுக்கத் தெரியும். கச்சான் கடலை வண்டிக்காரர் வந்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் வானும் வந்தது. அந்த மழைக்குள் ஐஸ்கிறீம் வாங்கிக் குடித்தார்கள்.

வலையோடு வந்த ஒரு வயதானவரிடம் மெசேஜ் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்துத்தானே பிள்ளை வாறன். முந்தியெண்டால் ஒருத்தரும் சொல்லமாட்டினம். சத்தம் கேட்டு ஓடியர மீன் முடிஞ்சிடும். இப்ப நல்ல வசதி. ஆர் உதைச் செய்ததெண்டு தெரியேல்லை, நல்லாயிருக்கவேணும்."

வன்னியில் வான் பாய்கிறதென்றால் ஊரே போய்ப் பார்க்கும். நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன், அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு. அதை இந்த மென்பொருளில் வேலை செய்த எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆபத்து என்று நாங்கள் அனுப்பியதை அவர்கள் அழைப்பிதழாக வாங்கிக்கொண்டார்கள். என் ஊகம் முழுப்பிழை. பாதிப்பேருக்குத் தெரியாது என்றேன், தெரியாதவர் ஒருவரும் இல்லை. நான் பயந்த பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை, பார்க்காத பக்கத்தில் எல்லாம் நடந்தது.

அந்த நேரத்தில் அங்கால் கரையில் அக்கா மாடுகளோடு வந்தாள். மெசேஜ் அவளுக்கும் போயிருக்கிறது. அவள் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறாள். பட்டியை அவிழ்த்து, மேட்டுக்குக் கொண்டுவர வந்திருக்கிறாள். பாலத்தில் வைக்க ஒரு கால் இடமில்லை. வழி விடச்சொல்லிக் கேட்டாள். பாலத்தில் நின்ற ஒரு இளந்தாரி, "அக்கா, மாட்டுக்கும் வான் காட்டக் கூட்டிவந்தனீங்களோ?" என்றான்.

"ஓமடா. தங்கட சாதிசனம் பாலத்தில நிக்குதாம், பாக்கவேணும் எண்டு நிண்டுதுகள், கூட்டியந்தனான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. அசைய இடமும் இல்லை, பின்னால் இன்னும் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. ஐஸ்கிறீம் வான் ஹோன் அடிக்க, முன்னுக்கு நின்ற இளம் நாகு மாடு வெருண்டு திரும்பியது. அதன் பின்னால் மற்றவையும் திரும்பிப் புகைக்குள் ஓடின. கொஞ்சத் தண்ணீர்தான், பாலத்தின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு ஒரு மாட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா மாட்டின் பின்னால் ஓடவில்லை. வாய்க்காலுக்கு அங்கால் நின்றபடி இங்கே நின்ற என்னைப் பார்த்தாள். நடுவில் நிறக்குடைகள், சிரிப்பு, ஐஸ்கிறீம் பாட்டு, வெள்ளையாய்த் தண்ணீர். அவ்வளவு வடிவான ஒரு காலையை நான் பார்த்ததில்லை. அது வடிவாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

அடுத்தநாள் அலுவலகத்தில் மேலாளர் மெசேஜ் போன கணக்கைத் திரையில் காட்டினார். எல்லாம் பச்சை.

"மெசேஜ் போகுதுதானே" என்றார்.

"மெசேஜ் போகுது சேர். மாடு போகேல்லை."

அது எங்கள் பொறுப்பில்லை என்றார். எங்களிடம் கேட்டது மெசேஜ் அனுப்புகிற மென்பொருள், சனத்தைத் திருத்துகிற மென்பொருள் இல்லை. கொழும்பும் அப்படித்தான் சொல்லும். நான் கேட்டேன், இந்த மென்பொருள் எதற்கு? தண்ணீர் வருமுன் தாழ்வில் இருப்பது மேட்டுக்கு வர. வந்ததா? வரவில்லை. முந்தி மெசேஜ் இல்லாதபோது பாலம் காலியாக இருந்தது, தெரிந்திருந்தால் மாடு கடந்திருக்கும். இப்போது தெரிகிறது, பாலம் காலியில்லை. அப்படியென்றால் எங்கள் சாமானால் ஆபத்துக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா? தரம் என்பதை வேறு எங்கே போய் அளப்பீர்கள், திரையின் பச்சை நிறத்திலா? சத்தம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். கீழே கம்பி வெட்டுகிறவர்கள் வேலையை நிற்பாட்டிவிட்டு மேலே பார்த்தார்களாம், பிறகு சொன்னார்கள்.

மேலாளர் அடுத்தநாள் காலையில் ஒரு தாள் நிறைய யோசனையோடு வந்தார். மெசேஜை மாற்றுவோம், சைரன் வைப்போம், சிவப்பு நிறம் போடுவோம், பாலத்தில் பொலிஸை நிற்பாட்டக் கேட்போம், எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்வோம். அவர் உருகினால் இப்படித்தான், ஒரேயடியாக உருகுவார். மறுபடியும் நான்தான் மறிக்க வேண்டியிருந்தது. நான்கையும் ஒன்றாகச் செய்து சரிவந்தால் எதனால் சரிவந்தது என்று தெரியாது. சரிவராவிட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுவோம் என்றேன். அதே வசனம், அதே நேர இடைவெளி. ஆனால் வாய்க்காலுக்கு அங்கால் பட்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில், அவர்கள் கடந்து முடிந்தபின் மற்றவர்களுக்கு.

"இதுல எம்புட்டு வேல தெரியுமாக்கா" என்றாள் அந்தப் பிள்ளை. ஆனால் எழுதித் தந்தாள்.

மார்கழியில் மறுபடியும் குளம் விளிம்புக்கு வந்தது. அதே பாலம், அதே குடை. இந்தமுறை காலைப்பனி இடுப்பளவுக்கு நின்றது. மெசேஜ் போயிருக்கும் என்று தெரியும், என் போனுக்கு வரவில்லை, நான் மாடு வைத்திருக்கவில்லையே. காத்திருந்தேன். எவ்வளவு நேரமென்று சொல்லமாட்டேன், எனக்கு அது நீண்டது. பிறகு பனிக்குள் மணிச்சத்தம் கேட்டது. கால்கள் தெரியவில்லை, முதுகுகள் மட்டும் மிதந்து வந்தன. நாம்பன், நாகு, கன்றோடு பசு, பின்னால் இன்னொரு பட்டி, இன்னொரு பட்டி. பாலத்தில் ஒரு மனிதன் இல்லை. கடைசியில் அக்கா, தலையில் உரப்பை கவிழ்த்து, கழுத்தில் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்ட போனோடு வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு மாட்டைத் தட்டுவதுபோல என் முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு கதவு உயர்ந்தது, பிறகு ஊர் வந்தது, குடையோடும் வலையோடும். போனமுறை எங்களை வாழ்த்திய அதே வயதானவர் இந்தமுறை பிந்தி அனுப்பினதற்கு ஏசினார். நல்ல விரால் எல்லாம் போய்விட்டதாம். உண்மையில் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் முன்பே வந்து வலை வீசிக்கொண்டு நின்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மச்சான்காரர் பட்டி வைத்திருக்கிறார், அவர் சொன்னார் என்றார். எனக்குள் ஒரு மணி அடித்தது. இன்றைக்கு ஒரு மச்சான். அடுத்தமுறை எத்தனை மச்சான்? இந்த ஊரில் மாடு வைத்திருப்பவனுக்கும் வலை வைத்திருப்பவனுக்கும் சொந்தமில்லாமல் இருக்குமா? இதை எந்த மென்பொருளில் போய்த் திருத்துவது?

மேலாளர் அன்று பின்னேரமே கொழும்புக்கு நல்ல செய்தி சொல்லத் தயாரானார். நான் என் பக்கத்தைச் சொன்னேன். பகலில், கொஞ்சத் தண்ணீரில், போன் கோபுரத்துக்குக் கரண்ட் இருக்கும்போது, ஒருமுறை மாடு கடந்தது. இரவில் என்ன நடக்கும் என்று தெரியாது. இரவில் சோதனைக்காகக் கதவைத் திறக்கப் பொறியியலாளர் ஒத்துக்கொள்ளவில்லை, அது நியாயம், அந்தக் கரையில் யானை நிற்கும். ஆனால் சோதிக்கவில்லையென்றால் சோதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று எழுதினால் காசு தரமாட்டார்கள் என்றார். தெரியும் என்று எழுதினால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். கடைசியில் அவர், இரவுக்கு உறுதியில்லை என்று ஒரு வரி சேர்த்தார். சின்ன எழுத்தில் போட்டார். நான் பெரிதாக்கினேன். அவர் மறுபடியும் சின்னதாக்கினார். அப்படியே போனது.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வாங்குகிற ஆள் லொறி கொண்டுவருகிற நாளும் கிட்ட வந்துவிட்டது. நான் போனபோது அவள் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றாள். நான் வாய் திறக்கமுன் கேட்டாள்.

"சொல்லு. வைச்சிருக்கவோ, குடுக்கவோ?"

பகலில் சரி, இரவுக்குத் தெரியாது என்றேன். மச்சான் கதையையும் சொன்னேன்.

"எடியே, நான் உன்னட்டைக் கதை கேக்கேல்லை. ஓமெண்டு சொல்லு, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு."

"ரெண்டும் சொல்லமாட்டன்."

"உன்ர அக்காவுக்கும் சொல்லமாட்டியோ?"

"உனக்கெண்டபடியால்தான் சொல்லமாட்டன். ஓமெண்டு சொல்லி, ஒருநாள் இரவு அது வராமல் போனால் நீ கயிறு அவிழ்க்கவும் போயிருக்கமாட்டாய்."

பால் பொங்கியது. இறக்கிவைத்தாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் சட்டி கழுவினாள், வேலியைப் பார்த்தாள், இன்னொரு சட்டியைக் கழுவினாள். கோபம் என்று நினைத்தேன். கோபம்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கிறது. கடைசியில், "பகலில சரியெண்டது உண்மைதானே?" என்றாள். நான் பார்த்த பகலில் சரி என்றேன். "உந்த வாலை விடமாட்டாய்" என்றாள்.

அன்று மத்தியானமே வளவின் பின்பக்கத்து வாழையை வெட்டினாள். அத்தானைக் கூப்பிட்டுக் கம்பிவேலி போட்டாள். பகலில் மாடுகள் அங்கால் கரையில் மேயும், மெசேஜை நம்பி. பொழுது படமுன் எல்லாவற்றையும் பாலத்தால் கொண்டுவந்து வளவுக்குள் அடைப்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்தாள். வீட்டைச் சுற்றிச் சாணியும் சேறும். முன்வீட்டுக்காரர் நெல்லுக்குள் மாடு வாய் வைத்ததென்று வந்து சண்டை பிடித்தார். அக்கா சளைக்கவில்லை, அவருக்குப் பாலும் ஏச்சும் சேர்த்துக் கொடுத்தாள். வாங்குகிற ஆளுக்கு லொறி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மார்கழி முடியுமுன் பெரிய மழை வந்தது. கதவுகள் எல்லாவற்றையும் இரவில்தான் திறந்தார்கள். விடிந்ததும் நான் முதல் பஸ்ஸில் போனேன். ஒட்டுசுட்டானில் இறங்கி, தெரிந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் பாலம் இல்லை. அது இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கால் பட்டி இருந்த இடத்தில் மரங்களின் தலை மட்டும். வளவுக்குப் போனேன். மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆவி பறக்க, அசைபோட்டுக்கொண்டு நின்றன. அக்கா ஒரு பசுவின் கீழ் குந்தியிருந்தாள். பால் வாளியில் விழுகிற சத்தம்.

மெசேஜ் வந்ததா என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"வந்தது. நேரத்துக்கு வந்தது. சும்மா என்ர வளவைச் சாணியாக்கிப்போட்டாய்."

இரவில் ஒருமுறை பிழை வரவில்லை. அதை மனதில் போட்டுக்கொண்டேன். அவள் கறந்து முடிக்கும்வரை மழைத்தூறலில் நின்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பியபின்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"சத்தம் கேட்டு எழும்பினனான். பாயில இருந்துகொண்டு யோசிச்சன், இப்ப மாடு அங்கால நிண்டால் போவனோ எண்டு. அந்த இருட்டில, அந்த மழையில. தெரியேல்லையடி."

அன்று பகலெல்லாம் மாடுகளை வீதியோரத்தில் புல்லுக்குப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். தண்ணீர் வற்றிப் பாலம் வெளியே வந்ததும் மறுபடி அங்கால் கரைக்கு மேயக் கொண்டுபோனாள். பொழுது படமுன் திருப்பிக் கொண்டுவந்தாள்.